அம்மாவுக்கு நான் காட்டின பாங்காக்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான், நான் வெளிய வேடிக்கை பாக்கற ஆள் இல்ல. தேனிக்கா? நானும் தேனிக்குத்தான் போறேன்.

தொப்பியையே பாக்கறீங்க. யானை போட்டிருக்குல்ல, அது பாங்காக்ல குடுத்தது. ஆமா, போன மாசம் போயிட்டு வந்தோம், நானும் அம்மாவும். பெத்த தாயை வெளிநாடு கூட்டிட்டுப் போய்க் காட்டின பிள்ளைங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர் இருப்பாங்க, நீங்களே சொல்லுங்க. பெருமைக்குச் சொல்லல. பெருமைப்படற மாதிரி அது முடியவும் இல்ல. அந்த வயித்தெரிச்சலத்தான் சொல்லப் போறேன். தேனி வரைக்கும் நேரம் கிடக்கு, நீங்களும் பஸ்ல தூங்கற ஆள் மாதிரி தெரியல.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. பேரு சங்கரபாண்டி. சென்னையில ஒரு கம்பெனியில ரிஸ்க் மேனேஜ்மெண்ட். அப்படின்னா, நாளைக்கு என்ன தப்பு நடக்கும்னு இன்னிக்கே கண்டுபிடிச்சுச் சொல்ற வேலை. எனக்கு அது பிறவியிலயே வரும். அப்பா தவறிட்டாங்க. நான் ஒரே பிள்ளை. அம்மா, செண்பகவல்லின்னு பேரு, பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. பாவம், வெளியுலகமே தெரியாது. தினம் எரநூறு பிள்ளைங்களுக்குச் சோறு ஆக்கிப் போடணும், முட்டை வரலைன்னா போய்ச் சண்டை போடணும், அரிசி மூட்டை எடை குறைஞ்சா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் நிக்கணும். இப்படியே வயசு ஓடிப்போச்சு. அதைத் தாண்டி அவங்க ஒண்ணும் பாத்ததில்ல.

இப்ப அந்த வீட்டுல ஒத்தையில இருக்காங்க. எனக்குச் சென்னையில எப்படித் தூக்கம் வரும்? பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா யார் தூக்குவா, கேஸை மூட மறந்துட்டா யார் மூடுவா. அதனால வீட்டைப் பூட்டிட்டு எங்ககூடவே வந்துருங்கன்னு ஒரு வருஷமாச் சொல்லிட்டு இருக்கேன். எங்க பையனுக்கு ரெண்டு வயசு. என் வீட்டுக்காரி தாரணிக்கு லீவு முடிஞ்சு ஆபீஸ் போக ஆரம்பிச்சாச்சு. பிள்ளையப் பாத்துக்கிட்ட ஆயா பொங்கலுக்கு ஊருக்குப் போனது திரும்பியே வரல. அம்மா வந்தா பேரனையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா அது காரணம் இல்ல, அண்ணாச்சி. அது சும்மா கூடச் சேந்து வர்றது. காரணம் அம்மா மேல உள்ள அக்கறை.

எத்தனை தடவை கேட்டாலும் "பாப்போம்யா"ன்னுட்டு, வெண்டைக்காய் விலைக்குப் போயிருவாங்க. அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. தன்னால தனியா இருக்க முடியாதுங்கறது இவங்களுக்கு இன்னும் தெரியல. நாம சொன்னா ஏறாது, அனுபவிச்சுத் தெரியணும். பாஷை புரியாத, போர்டுல ஒரு எழுத்து படிக்க முடியாத, கூட்டம் நெரியற ஊர்ல கொண்டுபோய் நிறுத்திட்டா, எம் பிள்ளை கையைப் பிடிக்காம ஒரு ரோட்டைக்கூடத் தாண்ட முடியாதுன்னு அவங்களுக்கே உறைக்கும். அப்புறம் கோவில்பட்டியா சென்னையாங்கற பேச்சே கிடையாது. பாங்காக்கை நான் தேர்ந்தெடுத்தது அதுக்குத்தான். சிங்கப்பூர்னா தமிழ்லயே வழி கேட்டுருவாங்க, அங்க என்னத்தைப் பயப்படறது.

அம்மாகிட்ட டிக்கெட்டைக் காட்டினேன். சந்தோஷப்பட்டாங்க, இல்லைங்கல. "எய்யா, போயிட்டு வருவோம். வந்த பிறகு சென்னை விஷயத்துக்கு முடிவா ஒரு பதில் சொல்லிருதேன்"னு அவங்களே சொன்னாங்க. காரியம் முடிஞ்ச மாதிரின்னு தாரணிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்.

ஏற்பாடுன்னா அப்படி ஒரு ஏற்பாடு. அம்மா பாஸ்போர்ட் என்கிட்ட. அம்மா போன் ஹோட்டல் ரூம் பீரோவுக்குள்ள, ரோமிங்ல எதையாச்சும் அமுக்கி வச்சுருவாங்கன்னு. காசு எதுக்கு, நான்தான் இருக்கேனே. கழுத்துல ஒரு அட்டை மாட்டிவிட்டேன், பேரு, ஹோட்டல் பேரு, என் நம்பர், கண்டெடுத்தவர்கள் தயவுசெய்து தொடர்பு கொள்ளவும்னு இங்கிலீஷ்ல. அம்மா அதைத் தூக்கிப் பாத்துட்டு, "பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு மாட்டுவோம்யா இப்படி"ன்னாங்க. சந்தோஷத்துலதான் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்.

டூர் கம்பெனியில எஸ்தர்னு நாகர்கோயில்காரப் பொண்ணு ஒண்ணு எங்களைக் கூட்டிட்டுப் போச்சு. நல்ல பொண்ணுதான். ஆனா அம்மாகூட ரொம்ப ஒட்டிக்கிச்சு, அது எனக்கு முதல் நாளே பிடிக்கல.

எல்லா இடமும் காட்டினேன். ஒண்ணையும் விடல. ஒரு கோயில்ல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் தங்கமாப் படுத்திருக்கார் புத்தர். அம்மா கால்மாட்டுல போய் நின்னுக்கிட்டு, "உள்ளங்காலுல என்னமோ சித்திரம் போட்டிருக்கு, பாத்துட்டு வாரேன்"ங்கறாங்க. அங்க நின்னா அடுத்த இடம் போச்சு. "நான் வீடியோ எடுத்துட்டேன்மா, ஊர்ல போய் நிதானமாப் பாத்துக்கலாம்"னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆத்துல படகுல போறப்ப வெளிய பாத்துக்கிட்டே இருக்காங்க, கேமராவப் பாருங்கம்மான்னா திரும்பறதே இல்ல. நான் கம்பிக்குச்சியில போனை மாட்டி, கை வலிக்க வலிக்க எடுத்து, குடும்ப குரூப்ல போட்டுக்கிட்டே இருக்கேன். 'அம்மாவுடன் பாங்காக்கில்'னு. எத்தனை பேர் லைக் போட்டாங்க தெரியுமா?

சாப்பாட்டுல இன்னும் மோசம். தெருவுல ஒரு பொம்பளை மாம்பழத்தை நறுக்கி, தேங்காய்ப்பால் ஊத்தின சோத்தோட வச்சுக் குடுக்குது. அம்மா வேணும்னாங்க. நான் விடுவேனா? எந்தத் தண்ணியில கழுவினாங்களோ. டூர்லதான் மூணு வேளையும் சப்பாத்தியும் பனீரும் குடுக்கறாங்களே, பத்திரமான சாப்பாடு. அம்மா அந்தப் பனீரைத் தட்டுல அப்படியும் இப்படியும் தள்ளிக்கிட்டே இருப்பாங்க. வயசானா நாக்கு செத்துப்போகுது, என்ன செய்ய.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் டூர்ல ஒண்ணும் கிடையாது, அவங்கவங்க இஷ்டத்துக்குச் சுத்திக்கலாம். நான் அம்மாவ ஊர் நடுவுல இருக்கற பிரம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கோயில்னா நம்ம கோயில் மாதிரி நினைக்காதீங்க. தலைக்கு மேல ரயில் ஓடுது, சுத்தியும் பெரிய பெரிய கடைகள், ரோட்டு முக்குல கொஞ்சூண்டு இடம், நடுவுல நாலு முகத்தோட தங்கமா உக்காந்திருக்கார். என்ன கூட்டம்ங்கறீங்க. கேந்திப்பூ மாலை மலையாக் குவிஞ்சு கிடக்கு. ஊதுவத்திப் புகையில எதிர்ல நிக்கறவன் மூஞ்சி தெரியாது. ஒவ்வொரு முகத்துக்கும் ஊதுவத்தி குத்தி, கும்பிட்டு, வலமா அடுத்த முகத்துக்குப் போகணும். நேந்துக்கிட்டது நடந்தவங்க காசு கட்டி, கிரீடம் வச்ச பொண்ணுங்களை ஆடச் சொல்றாங்க.

அம்மா அசந்துபோய் நின்னுட்டாங்க. "நம்மூர்ல இந்தச் சாமிக்குத் தனியாக் கோயில் கட்டி நான் பாத்ததே இல்லய்யா. இங்க வந்து எம்புட்டு நல்லா இருக்காரு"ன்னாங்க. நான், அம்மா சென்னைக்கு வரணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டு, சாமியும் நானும் ஆடற பொண்ணுங்களும் ஒரே படத்துல வர்ற மாதிரி ஒண்ணு எடுக்கலாம்னு திரும்பினேன். நாலஞ்சு தடவை எடுத்தாத்தான் ஒண்ணு சரியா வரும். எடுத்து முடிச்சுத் திரும்பினா அம்மாவக் காணோம்.

முதல்ல நான் பதறல. அடுத்த முகத்துக்குப் போயிருப்பாங்கன்னு வலமாப் போனேன். அங்க இல்ல. ஒரு கும்பிடு போட்டுட்டு அதுக்கு அடுத்த முகம். அங்கயும் இல்ல. இன்னொரு கும்பிடு, இன்னொரு முகம். இப்படியே சுத்தறேன், சுத்தறேன், காணவே காணோம். அப்புறமாத் தெரிஞ்சுச்சு, என்ன நடந்துச்சுன்னு. அம்மாவும் என்னைத் தேடி வலமாத்தான் சுத்தியிருக்காங்க. நான் நடக்கறப்ப அவங்களும் நடக்கறாங்க. நான் கும்பிடறப்ப அவங்களும் நின்னு கும்பிடறாங்க. நடுவுல சாமி, சுத்திக் கூட்டம், புகை. ரெண்டு பேரும் ஒரே சாமியை ஒரே பக்கமாச் சுத்திக்கிட்டே இருந்தா எங்க சந்திக்கிறது?

நீங்க நினைக்கறது புரியுது. யாராச்சும் ஒருத்தர் எதிர்ப்பக்கமாத் திரும்பியிருந்தா எதுத்தாப்ல வந்திருப்பாங்கல்லன்னு. கோயில்ல எதிர்ப்பக்கமாச் சுத்தலாமா, அண்ணாச்சி? ஊருக்கே ஆகாது. என் கால் திரும்பல. அவங்க காலும் திரும்பல. அதான் வளர்ப்பு. அம்மா மேல எனக்கு எத்தனை கோவம் இருந்தாலும் அதுல மட்டும் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ரிஸ்கை எங்க கம்பெனியில ஒருத்தனும் யோசிச்சிருக்க மாட்டான்.

அப்புறம்தான் பயம் பிடிச்சுச்சு. நிஜமாச் சொல்றேன். பாஷை தெரியாத ஊர், கையில காசில்ல, போனில்ல. அம்மா எங்கயோ உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்கன்னு கண்ணு முன்னாடி படமா ஓடுது. நான்தானே இந்த ஊர்ல அவங்களுக்குப் பயம் வரணும்னு நினைச்சேன், அது இப்படியா வரணும்? பக்கத்துல டூரிஸ்ட்டுகளுக்குன்னு ஒரு போலீஸ் பூத் இருந்துச்சு. ஓடினேன்.

உள்ள ஒரு போலீஸ்காரர், ரொம்பப் பொறுமையான மனுஷன். அம்மாவக் காணோம்னேன். போட்டோ இருக்கான்னு கேட்டார். போட்டோவா இல்ல என்கிட்ட? ஆயிரக்கணக்குல இருக்குன்னு போனை நீட்டினேன். முதல் படத்தைப் பாத்தார். அதுல நான் நிக்கறேன், பின்னாடி புத்தர். அம்மா எங்கன்னார். இதோன்னு ஓரத்துல காட்டினேன், ஒரு காதும் கம்மலும் தெரியுது. அடுத்த படம். நான், ஆறு, படகு. அம்மாவோட முதுகு. அடுத்தது. நான், யானை. அம்மாவோட கை மட்டும் யானைக்கு வாழைப்பழம் குடுக்குது. அந்த மனுஷன் ஒவ்வொரு படத்துலயும் என் மூஞ்சியத் தொட்டு, இவரா, இவரான்னு கேக்கறார். இல்ல சார், இது நான், இது நான்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலிச்சிருச்சு. அம்மா முழுசாத் தெரியற ஒரு படத்துக்காகத் தள்ளிக்கிட்டே போறேன், போறேன், சார்ஜ் தீந்து போன் அணைஞ்சிருச்சு.

செல்ஃபி எடுக்கறப்ப பக்கத்துல வந்து ஒட்டி நின்னாத்தானே படத்துல விழுவாங்க? நான் எத்தனை தடவை சொன்னேன். அம்மா நிக்கவே மாட்டாங்க, எதையாச்சும் பாத்துக்கிட்டே தள்ளிப் போயிருவாங்க.

அவர் என்னை ஒரு நாற்காலியில உக்கார வச்சார். கைப்பிடி வச்ச நாற்காலி. ஒரு பாக்கெட் சோயாப்பால் உறிஞ்சுகுழாய் போட்டுக் குடுத்தார். அசையாம இருன்னு கையாலயே காட்டிட்டு எங்கயோ போன் பேசப் போயிட்டார். நான் அசையாம இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியல. திடீர்னு அவர் போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. அதைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடி அதைப் பாத்தார். சிரிச்சுக்கிட்டே போனைத் திருப்பி என்கிட்ட காட்டினார். அதுல ஒரு போட்டோ. முழு ஆள், தெளிவான முகம். நான்தான். கீழ இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, இந்தியப் பயணி, வயது முப்பத்தாறு, நீலச் சட்டை, கையில் கம்பிக்குச்சி, காணவில்லை, தாயார் தேடுகிறார்.

என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க, அண்ணாச்சி. காணாமப் போனது அவங்க. புகார் குடுக்க வந்தது நான். போலீஸ் கணக்குல காணாமப் போனவன் நான், கிடைச்சவனும் நான்.

கொஞ்ச நேரத்துல மூணு சக்கர வண்டி ஒண்ணு வந்து நின்னுச்சு. நம்ம ஆட்டோ மாதிரிதான், அதை அங்க டுக்டுக்ங்கறாங்க. அம்மா இறங்கினாங்க, பின்னாடியே எஸ்தர். அம்மா கழுத்துல அட்டை இல்ல. தலையில கேந்திப்பூ. நேரா வந்து ரெண்டு கையாலயும் என் மூஞ்சியப் பிடிச்சு, "பயந்துட்டியாய்யா"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. எல்லாரும் பாக்கத் தேம்பித் தேம்பி அழுதேன். வெயில்ல உடம்புல தண்ணி வத்தினா அப்படி வரும்னு நெட்ல போட்டிருக்கான். அம்மா முந்தானையில என் மூஞ்சியத் துடைச்சாங்க. பையில இருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பாக்கெட் ஒண்ணை எடுத்து அந்தப் போலீஸ்காரர் கையில வச்சு, "எம் பிள்ளையப் பத்திரமா வச்சிருந்தீக, நல்லா இருங்க"ன்னாங்க, தமிழ்லயே. அவரும் புரிஞ்ச மாதிரி கைகூப்பினார். பூத்துல இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. என்னைப் பாத்துத்தான்.

அம்மா எங்க போனாங்க, எப்படி ஹோட்டலுக்கு வந்தாங்கன்னு வண்டியிலதான் சொன்னாங்க. என்னைத் தேடித் தேடிப் பாத்துட்டு, "நின்னு என்ன செய்ய, ரூமுக்குப் போனா வந்து சேருவான்"னு கிளம்பியிருக்காங்க. ரூம் சாவியை வச்சுக் குடுத்த உறையில ஹோட்டல் பேரு அந்த ஊர் எழுத்துல இருக்கு, அது அம்மா பையில இருந்திருக்கு. அதைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்காங்க. காசு? முதல் நாளே எஸ்தர்கிட்டக் குடுத்துத் தன் பென்ஷன் காசுல கொஞ்சம் மாத்தி வச்சிருக்காங்க. எனக்குத் தெரியாம. இதுக்குப் பேரு என்ன? நம்பிக்கைத் துரோகம்னு நான் சொல்லல. நீங்க சொல்லுங்க.

யாரோ ஒரு பொம்பளை கையைப் பிடிச்சுக் கால்வாய்ப் படகுல ஏத்திவிட்டிருக்கு. அந்தப் படகை நான் பாத்திருக்கேன், அதுல நானே ஏற மாட்டேன். அம்மா சொல்றாங்க, "கழுகுமலைத் திருவிழா பஸ் மாதிரிதாம்யா. கண்டக்டர் பிள்ளை ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் படகு விளிம்புலயே நடந்து வந்து டிக்கெட் குடுக்கு. தண்ணி மேல அடிக்கும்போது ஓரத்துல இருக்கவுக கயித்த இழுத்து தார்ப்பாய உசத்துதாக. என் கையிலயும் ஒரு கயித்தக் குடுத்தாக, நானும் இழுத்தேன்." சொல்றப்ப அந்த மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. எம் புள்ள பிறந்தப்பக்கூட அப்படி ஒரு மூஞ்சியை நான் பாத்ததில்ல.

இறங்கற இடம் தெரிஞ்சும் உடனே இறங்கல. அந்தப் பக்கமா ஒரு சந்தை இருந்துச்சாம். பூ வாங்கி வச்சுக்கிட்டாங்க. மாம்பழமும் சோறும் ரெண்டு தடவை சாப்பிட்டாங்க. வயித்துக்கு ஒண்ணும் பண்ணல, அதுலயும் எனக்குத்தான் தோல்வி. ஒரு கடையில உக்கார வச்சுக் காலை அமுக்கிவிட்டிருக்காங்க, இத்தனை வருஷம் அடுப்புக்கிட்ட நின்ன காலுன்னு அந்தப் பொம்பளைக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோன்னு சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படறாங்க. அப்புறம் ஹோட்டலுக்கு வந்து, அட்டையில இருந்த என் நம்பருக்கு அடிக்கச் சொல்லியிருக்காங்க. என் போன்தான் செத்துப்போச்சே. அப்பத்தான் எஸ்தரைக் கூப்பிட்டு, எம் பிள்ளையக் காணல, அவன் ஒத்தையில இருந்து பழக்கமில்லாதவன்னு சொல்லியிருக்காங்க. எஸ்தர் தன் போன்ல இருந்த என் படத்தையும் அட்டையில இருந்த நம்பரையும் போலீசுக்கு அனுப்பியிருக்கு. நான் எழுதி மாட்டின அட்டை, என்னைக் கண்டுபிடிக்க உதவியிருக்கு.

அன்னிக்கு ராத்திரியே நான் பேசியிருக்கக் கூடாது. ஆனா மனசு ஆறல. "இப்பவாச்சும் புரியுதாம்மா, கூட ஆள் இல்லைன்னா எவ்வளவு ஆபத்துன்னு? சென்னைக்கு எப்ப வர்றீங்க"ன்னு கேட்டேன். அம்மா கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. கோவப்படல. நிதானமாப் பேசினாங்க. அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

"எய்யா, நீ பாசக்காரப் பிள்ளைதான். இல்லைன்னு நான் சொன்னா என் வாய் வெந்துபோகும். ஆனா உங்கூட இருந்த நாள்ல நான் ஒண்ணையும் பாக்கல. நீ காணாமப் போன ஒரு மத்தியானம்தான் இந்த ஊரைப் பாத்தேன். நான் சென்னைக்கு வரலய்யா. பேரனை லீவுக்குக் கொண்டாந்து விடு, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன். உங்க வீட்டுல வந்து வேலைக்கு நிக்க என்னால ஆகாது. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டு முடிச்சு, இப்பத்தான் சூடா ஒரு வாய் உக்காந்து திங்கேன். அதை நீ கேக்காத."

பாத்தீங்களா? வேலைன்னு சொல்லிட்டாங்க. சொந்தப் பேரனைப் பாத்துக்கறதுக்குப் பேரு வேலையாம். நான் அக்கறையில கூப்பிட்டேன், அண்ணாச்சி, பிள்ளையப் பாத்துக்கறது காரணமே இல்ல. அதை எத்தனை தடவை சொல்றது? ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. அம்மா நல்லாத் தூங்கினாங்க.

இப்ப ஊர்ல சந்தோஷமா இருக்காங்க. போன் பண்ணா எடுக்கறதில்ல, பக்கத்து வீட்டு அக்காங்களோட எங்கயாச்சும் சுத்தப் போயிருவாங்க. நான் மனசுல எதையும் வச்சுக்கல. ஒரு பிள்ளையா என் கடமையைச் செஞ்சேன், ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அவங்க இஷ்டம். நமக்கு இன்னொரு தாய் இல்லாமலா போயிட்டாங்க?

அதுக்குத்தான் இப்ப தேனிக்குப் போறேன். தாரணியோட அம்மா. மாமனார் போன வருஷம் தவறினதுல இருந்து அவங்களும் தனியாத்தான் இருக்காங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யார் தூக்குவா, சொல்லுங்க. நல்ல திடமான உடம்பு, பிள்ளைங்கன்னா உயிரு. ஒரு இடம் பாத்ததில்ல, பாவம். அடுத்த மாசம் வியட்நாம் கூட்டிட்டுப் போகலாம்னு டிக்கெட் போட்டிருக்கேன். கேட்டதுமே சரின்னுட்டாங்க. "போயிட்டு வந்து சென்னையப் பத்திப் பேசிக்கலாம் மாப்பிள்ளை"ன்னு அவங்களே சொன்னாங்க. எங்க அம்மாவ மாதிரி இழுத்தடிக்கற குணம் இல்ல.

இதுல ஒண்ணு சொல்லணும். ஆயிரம் இருந்தாலும் எங்க அம்மா மனசு தங்கம். விஷயம் தெரிஞ்சதும் அவங்களே மாமியாருக்குப் போன் பண்ணி, ஒரு மணி நேரம் பேசியிருக்காங்க. போகாம இருந்துராதீங்க சம்பந்தி, அவன் நல்லாக் காசு செலவழிச்சுக் கூட்டிட்டுப் போவான், ஒரு இடம் விடாமப் பாத்துட்டு வாங்கன்னு தைரியம் சொல்லியிருக்காங்க. நேத்து மாமியார் கேக்கறாங்க, வியட்நாம் பக்கத்துலயே கம்போடியாவாமே மாப்பிள்ளை, அங்க ரொம்பப் பெரிய கோயில் இருக்காமே, சம்பந்தி சொன்னாங்கன்னு. அதையும் சேத்துப் போட்டுட்டேன். இந்த அளவுக்கு ஆசையா இருக்கறவங்க, நாளைக்கு நம்ம பேச்சைத் தட்டுவாங்களா என்ன?